ஊசிக்கும் தட்டுக்கும் நடுவே

வாயை மூடு என்று எங்கள் குடும்பமே சொல்லிச் சொல்லி அலுத்துப்போனது என் அண்ணனிடம்தான். கர்ட்டன் கடையில் சேல்ஸ்மேனாக இருந்தான். சமையலறை ஜன்னலுக்கு ஒரு துண்டுத் துணி போதும் என்று வருகிறவர்களிடம், எந்தப் பக்கம் வெயில் வரும், எதிர்வீட்டில் யார், மாமியார் எந்த அறையில் படுக்கிறார் என்றெல்லாம் விசாரிப்பான். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது எல்லா ஜன்னலுக்கும் திரை வாங்கியிருப்பார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவன் தான் பிழைத்ததோடு முதலாளியையும் பிழைக்க வைத்தான். கடையில் பேசி மிச்சமானதை வீட்டுக்கு வந்து எங்களிடம் பேசித் தீர்ப்பான்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவனைப் பற்றியல்ல. அந்தப் பேச்சு நின்றுபோன பிறகு, அது ஒரு தடவையாவது திரும்பி வராதா என்று ஏங்கிக் கிடந்த என் அண்ணியைப் பற்றி.

அண்ணி பெண்கள் பார்லரில் தலைக்கு டை அடிப்பவள். குள்ளமான உருவம், நெட்டையான கோபம். பார்லரில் நடுவே ஒரு மறைப்புக் கட்ட வேண்டும் என்று துணி வாங்க அண்ணனின் கடைக்கு வந்தாள். அவன் வாய் பேசிக்கொண்டிருக்க, கை அளந்தது. அவள் டேப்பைப் பிடுங்கித் தானே அளந்து, அரை மீட்டர் குறைகிறது என்று கடையே திரும்பிப் பார்க்கும்படி சண்டை போட்டாள். பேச்சில் ஒருவரும் அவனை அதுவரை நிறுத்தியதில்லை. அன்றைக்கு நின்றான். துணியை மாட்ட கடையில் தனி ஆள் இருந்தும், இவனே ஏணியைத் தூக்கிக்கொண்டு பார்லருக்குப் போனான். மாட்டி முடித்த பிறகும் கம்பி ஆடுகிறது, கொக்கி சரியில்லை என்று அடிக்கடி போய்க்கொண்டிருந்தான். கொக்கியில் ஒன்றும் கோளாறில்லை என்பது பார்லரில் தலை கழுவ வந்தவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவளை அவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. "அரை மீட்டர்" என்பான். விருந்தாளிகள் முன்னாலும் அதுதான். அவள் முறைப்பாள். முறைப்புக்குப் பின்னால் என்ன இருந்தது என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

எனக்கும் அண்ணிக்கும் ஏழாம் பொருத்தம். அவனுக்குத் தங்கை நான், அதே வீட்டு மாடியில் இருக்கிறேன். மாடிப்படி வளைவில் நின்றால் அவர்கள் வீட்டுக் கூடமும் சமையலறை வாசலும் தெரியும். நானாக எட்டிப் பார்ப்பதில்லை, படி அப்படி அமைந்துவிட்டது. அண்ணி இதை நம்பாமல் எனக்கு "மாடி கேமரா" என்று பெயர் வைத்தாள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அதைப் பற்றி வருத்தப்பட இடமே கொடுக்காமல் அண்ணன் பேசிக்கொண்டிருந்தான்.

நடுவயதில் அவனுக்குச் சர்க்கரை வந்தது. அதையும் பேசியே சமாளித்தான். மாத்திரையை நினைத்தால் போடுவான், நினைக்காவிட்டால் அதற்கு ஒரு நியாயம் சொல்வான். ஊருக்கெல்லாம் துணி விற்றவனுக்குத் தனக்குத்தானே ஒரு சாக்கு விற்பது பெரிய காரியமா? வருஷக்கணக்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறியே இருந்தது. அண்ணி கத்தினாள், நானும் கத்தினேன். நாங்கள் இருவரும் ஒரே கட்சியாக நின்ற விஷயம் அது ஒன்றுதான்.

பிறகு சொற்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தன. காலமெல்லாம் கையாண்ட துணியின் பெயர் வாயில் வராமல் "இந்தத் தொங்கறது" என்றான். ஒருவர் வீட்டு அளவுக்கு வெட்டிய துணியை இன்னொருவருக்குக் கட்டிக் கொடுத்தான். முதலாளி நல்ல மனுஷர். மரியாதையாக வீட்டுக்கு அனுப்பிவைத்தார். வீட்டுக்கு வந்தவன் ஜன்னலோர சோபாவில் உட்கார்ந்தான், உட்கார்ந்தவன்தான். வாய் மூடிக்கொண்டது. அவனை மூடச் சொன்னவர்களெல்லாம் அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் டிவியைச் சத்தமாக வைத்தோம்.

எப்போதாவது பேசினால் கடைப்பேச்சு பேசினான். அண்ணி தட்டை வைத்தால் "நன்றிம்மா" என்பான். அவள் பக்கத்தில் வந்து நின்றால் "உட்காருங்கம்மா" என்பான். அண்ணி ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பேசாட்டியும் போகட்டும். என்னை கஸ்டமரா ஆக்கிட்டாரே." அவள் என்னிடம் குறை சொல்லி அழுதது அதுவே முதல் தடவை. பதிலுக்குக் குத்தலாக ஏதாவது சொல்லும் பழக்கம் எனக்கு. அன்றைக்கு ஒரு கிளிப்பை எடுத்துக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, பொறுமைசாலி. மாத்திரை இனி போதாது, இன்சுலின் ஊசி வேண்டும் என்றாள். சர்க்கரைக்குக் கொடுக்கும் ஊசிக்கும் ஞாபகத்துக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று அண்ணி கேட்டாள். அங்கேதான் வினை பிடித்தது. சம்பந்தம் உண்டு என்றாள் டாக்டரம்மா. இன்சுலினுக்கு மூளையிலும் வேலை இருக்கிறதாம். ஞாபகம் தங்குகிற இடங்களில் அது போய்ச் சேதி சொல்கிறதாம். பல வருஷம் சர்க்கரை ஏறிக் கிடந்தால், உடம்பு இன்சுலினின் பேச்சைக் கேட்காமல் போவதைப்போல மூளையும் கேட்காமல் போகலாமாம். சாப்பிட்டதும் குடலில் சுரக்கிற ஹார்மோன் ஒன்றும் மூளைக்குச் சேதி அனுப்புகிறது, அதைப் பற்றியும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றாள். எல்லாம் சொல்லிவிட்டு, நிறுத்தி, அழுத்தமாக இன்னொன்றும் சொன்னாள்: நாம் போடப்போகும் ஊசி சர்க்கரையைக் கட்டுப்படுத்தத்தான், போன ஞாபகத்தை அது திருப்பிக் கொண்டுவரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அண்ணி முதல் பாதியோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். இரண்டாம் பாதி ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே கிடந்தது.

சாயங்கால ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது கணக்கு. அண்ணி ஒழுங்காகத்தான் செய்தாள். ஒருநாள் ஊசி போட்டுவிட்டு அடுப்புக்குப் போனவளுக்கு கேஸ் தீர்ந்துபோயிற்று. வேறு சிலிண்டர் மாட்டி, சமைத்து, தட்டோடு கூடத்துக்கு வந்தபோது அண்ணன் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தானாம். அவளைப் பார்த்து, "என்ன அரை மீட்டர், மூஞ்சி ஏன் வாடிக் கிடக்கு?" என்றானாம்.

அண்ணி மாடிப்படி ஏறி என் வீட்டுக்கு ஓடி வந்தாள். சண்டைக்குக்கூட மாடி ஏறாதவள், கீழே நின்றே போடுவாள். மூச்சு வாங்கச் சொன்னாள். நான் இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவன் தட்டைக் காலி செய்துவிட்டு, வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்கம்மா" என்றான் என்னைப் பார்த்து. ஆசை கண்ணை மறைக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

அண்ணி அப்படி விட்டுவிடவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் டை அடிப்பது. தலையில் டையைத் தடவியதும் கழுவிவிட்டால் நரை அப்படியே நிற்கும். தடவி, உறை போட்டு, ஊற விட வேண்டும். பொறுமையில்லாமல் கழுவச் சொல்கிற பெண்களை அவள் நாற்காலியில் அழுத்தி உட்கார வைப்பாள். ஊசி விஷயத்தில் இத்தனை நாள் தான் செய்தது அந்தத் தப்புதான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. இன்சுலின் மூளைக்குப் போய்ச் சேர்வதற்குள் சோற்றைப் போட்டுக் கழுவிவிடுகிறோம். கொஞ்சம் ஊறினால்தான் நிறம் பிடிக்கும். கேட்டால் நியாயமாகத்தான் இருந்திருக்கும். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எல்லாம் பின்னால் தெரிந்தது.

அப்போது நான் கவனித்தது வேறு. சாயங்காலமானால் அண்ணி முகம் கழுவித் தலை வாரிக்கொண்டாள். பார்லரில் மற்றவர்களுக்கு மட்டும் செய்வதை, தன் முன்னந்தலை நரைக்கும் செய்துகொண்டாள். சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அவன் எதிரில் போய் உட்கார்ந்தாள். அவளிடம் ஒரு மினுமினுப்பு வந்திருந்தது. என்னோடு சண்டைகூடப் போடவில்லை. எனக்கு அதுதான் சந்தேகமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல இறங்கினேன். கூடத்தில் என் அண்ணனின் குரல் கேட்டது. பழைய குரல். இந்தத் துணி துவைக்கத் துவைக்க நிறம் ஏறும், இதை வாங்கினவர் இன்னும் என்னை வாழ்த்துகிறார் என்று பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தான். அண்ணி வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், சின்ன வயதில் என்னைக் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லி, "வா, நீயும் அளவு கொடு" என்றான். நான் படியிலேயே நின்றுவிட்டேன். பொய் சொல்லப்போவதில்லை, அந்த நிமிஷம் எனக்கும் சொர்க்கமாகத்தான் இருந்தது.

பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது. மின்விசிறிக்கு அடியில் அவன் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கைகளை விரித்துச் சுவரை அளந்தான், விரல்கள் நடுங்கின. வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. காரணமில்லாமல் கோபம் வந்து, கர்ட்டனை யார் கிழித்தது என்று கத்தினான். யாரும் கிழிக்கவில்லை. கண் எங்கோ போயிற்று. நான் சமையலறைக்கு ஓடிச் சர்க்கரை டப்பாவை எடுத்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். இன்னும் கொஞ்ச நேரம், இப்போதுதான் ஏறுகிறது என்றாள்.

நான் அவளைத் தள்ளினேன். சர்க்கரைத் தண்ணீரை அவன் வாயில் ஊற்றினேன். சுகர் பார்க்கும் மிஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளர் கலக்கினேன். மனுஷன் விழாமல் நின்றதே பெரிது.

மறுநாள் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டாள், திட்டவில்லை. மூளைக்குத் தீனி சர்க்கரைதான் என்றாள். ஊசி போட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். இறங்கும்போது மூளையில் மனுஷனை அடக்கி வைக்கிற இடம் முதலில் தடுமாறும். சிலர் கோபப்படுவார்கள், சிலர் அழுவார்கள், சிலர் வாய் ஓயாமல் பேசுவார்கள். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப அவர் என்னைக் கூப்பிட்டது பொய்யா?"

"பொய்யில்லம்மா. உள்ள இருக்கறதுதான் வருது. ஆனா அது வெளிய வர மூளை பட்டினி கிடக்க வேண்டியிருக்கு. இப்படி அடிக்கடி இறங்கினா, இருக்கற ஞாபகமும் தேஞ்சு போயிடும். உயிருக்கே ஆபத்தாவும் முடியலாம்."

ஊசியின் அளவைக் குறைத்து எழுதினாள். இனி தட்டை முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊசியை எடுக்க வேண்டும் என்றாள். குடலில் சுரக்கிற அந்த ஹார்மோனைப் போலவே வேலை செய்கிற வேறு ஊசி ஒன்று இருக்கிறது, அதில் இந்த அளவுக்குச் சர்க்கரை இறங்கும் பயம் குறைவு, உடம்பு தேறட்டும் பார்க்கலாம் என்றாள். அண்ணி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இந்தத் தடவை இரண்டு பாதியையும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அதன் பிறகு எல்லாம் ஒழுங்காக நடந்தது. சர்க்கரை சொன்னபடி கேட்டது. அண்ணன் சோபாவில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தான். பார்லரில் யாரோ வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "சுகர் நல்லா இருக்கு. அவர்தான் இல்ல" என்று அண்ணி பதில் சொன்னதாக என் காதுக்கு வந்தது.

நான் கேமராதானே, பார்த்தேன். தட்டை முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊசி போடுவாள். போட்ட பிறகு, ஆறிவிட்டது, சூடு பண்ணுகிறேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போவாள். அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருக்கும். சமையலறை வாசலில் தட்டோடு நிற்பாள். அவன் முகத்தையே பார்ப்பாள். கொஞ்ச நேரம்தான். பிறகு யாரோ தலையில் குட்டியதுபோல விடுவிடுவென்று போய் ஊட்டிவிடுவாள்.

ஒருநாள் படியிறங்கிப் போய் அவள் எதிரில் நின்றேன். பழைய நாளாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். அன்று மெதுவாகத்தான் கேட்டேன், என்ன செய்கிறாய் என்று. அவள் மறைக்கவில்லை.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டா போதும்னு தோணுது. அந்த ஒரு தடவையும் போதாதுன்னு எனக்கே தெரியுது. அதான் தட்ட கொண்டு போயிடறேன்."

தட்டை வாங்கி அவனிடம் நானே கொண்டுபோனேன். மறுநாளிலிருந்து சாயங்காலம் ஆனதும் கீழே போய் உட்கார்ந்துகொண்டேன். என் டிவியில் படம் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கும் சேர்த்துச் சமைக்க ஆரம்பித்தாள். அவள் சமையலில் உப்பு அதிகம் என்று சொன்னேன். அப்படியானால் மாடிக்குப் போ என்றாள். போகவில்லை. ஏழாம் பொருத்தத்திலும் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

அப்படியே போய்க்கொண்டிருந்தது. பிறகு அண்ணனுக்கு வயிறு கெட்டது. அன்று அண்ணி எதையும் தவறவிடவில்லை. கஞ்சியைக் கொடுத்து, அவன் குடித்து முடித்த பிறகுதான் ஊசி போட்டாள். போட்ட கொஞ்ச நேரத்தில் குடித்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது. சட்டையை மாற்றி, தரையைத் துடைத்து, மறுபடி எதைக் கொடுப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அண்ணிதான் முதலில் பார்த்தாள். நான் எழுவதற்குள் டம்ளரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டு வந்து, சோபாவுக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"எங்க போயிட்ட நீ?"

"இங்கதான் இருக்கேன்."

"பொய் சொல்லாத. எத்தனை நாளா தேடறேன் தெரியுமா? யாரோ ஒரு அம்மா வராங்க, சாப்பாடு போடறாங்க, துணி மாத்தி விடறாங்க. நல்ல அம்மாதான். அவங்ககிட்ட கேக்க சங்கடமா இருக்கு. உன்னைத்தான் காணோம்."

இத்தனை நாள் ஏங்கிக் கிடந்தது அவள் ஒருத்திதான் என்று நினைத்திருந்தோம். அவன் உள்ளே கிடந்து அவளைத் தேடிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியாது. சீக்கிரம் கொடு என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. அதே வாய்க்குள், ஒரு நிமிஷம் பொறு, அவன் பேசட்டும் என்பதும் இருந்தது. இரண்டில் எது வெளியே வந்துவிடுமோ என்று பயந்து பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"முதல்ல இதக் குடிங்க," என்றாள் அண்ணி.

"குடிச்சா நீ போயிடுவ."

அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அண்ணி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் விவரிக்க மாட்டேன், அது அவளுடையது. பிறகு டம்ளரை அவன் உதட்டில் வைத்தாள்.

"போகமாட்டேன். குடிங்க."

அவன் நம்பினான். கடைசிச் சொட்டு வரை குடித்தான். குடிக்கும்போதும் அவள் மணிக்கட்டை விடவில்லை.

நாங்கள் காத்திருந்தோம். வியர்வை அடங்கியது. நடுக்கம் நின்றது. அவன் விரலில் குத்தி மிஷினில் பார்த்தேன். எண் ஏறியிருந்தது. சந்தோஷப்பட வேண்டியவள், அந்த எண்ணைப் பார்த்து அழுதேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவன் கை தானாகத் தளர்ந்து அண்ணியின் கையை விட்டது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான். தரையில் உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்துச் சங்கடப்பட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"கீழ உட்காந்திருக்கீங்களேம்மா. மேல உட்காருங்க."

அண்ணி எழுந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலி டம்ளர் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அவன் ஜன்னலைப் பார்த்தான். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. கடைக்கு வந்த ஒரு பெண்ணைக் கேட்பதுபோல, மரியாதையாக, அக்கறையாகக் கேட்டான்.

"நேரமாச்சே. வீட்டுல உங்கள யாரும் தேடமாட்டாங்களா?"

"தேடிட்டுதான் இருக்காரு," என்றாள் அண்ணி.